ஐ.பி. (திவால் மனு) கொடுக்கலாமா? திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட், 38 லட்சம் கடன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஓவர்லாக்_திருப்பூர்:
வணக்கம். அவிநாசி ரோடு பக்கம் சின்னதாக ஒரு தையல் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். என் ஒருவன் பெயரில்தான் கம்பெனி, பங்குதாரர் யாரும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், எனக்கு பீஸ் கொடுத்துக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி பாதி ஆர்டரை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே இழுபறியில் ஓடிய தொழில், அதோடு படுத்துவிட்டது.

கடன் விவரம்:
வங்கியில் மெஷின் கடன் 9 லட்சம் பாக்கி. வீட்டுக் கடன் 11 லட்சம், வீடு என் பெயரில், மனைவி கூட்டுக் கடன்தாரர். பர்சனல் லோனும் கிரெடிட் கார்டும் சேர்ந்து 5 லட்சம். ஏலச்சீட்டு முன்னாடியே எடுத்துவிட்டேன், அதில் 3 லட்சம் கட்ட வேண்டும், மச்சான் ஜாமீன் போட்டிருக்கிறார். தனியாரிடம் கைக்கடன் 7 லட்சம், இரண்டு பேரிடம், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி; புரோ நோட்டும், கையெழுத்து மட்டும் போட்ட செக்குகளும் அவர்களிடம் இருக்கின்றன. தையல் நூல், எலாஸ்டிக் கடைகளுக்கு 2 லட்சம். டைலர்களுக்குச் சம்பள பாக்கி 1 லட்சம்.

காலையில் எழுந்ததும் போன், ராத்திரி வரை போன். எனக்குத் தெரிந்த ஒருவர், "மஞ்ச நோட்டீஸ் கொடுத்துட்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்கிறார். ஐ.பி. போடுவதாகக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸைத்தான் அப்படிச் சொல்கிறார். உண்மையா? யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

கொங்கு_மைந்தன்:
கொடுங்க பிரதர். முதலில் சொத்து எது இருந்தாலும் வீட்டுக்காரம்மா பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒரு வக்கீலைப் பிடித்து எல்லோருக்கும் மஞ்ச நோட்டீஸ் அடித்துவிட்டால் முடிந்தது. எங்கள் பக்கம் நிறைய பேர் அப்படித்தான் செய்தார்கள்.

கோவை_வக்கீல்:
மேலே சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த யோசனையைக் கேட்டுச் சிக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம்.

தனிநபர் திவால் விஷயத்தில் நம் மாவட்டங்களில் இன்றைக்கும் நடப்பது 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம்தான். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மை. அதில் தனிநபர்களுக்கான பகுதியை 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உங்களைப் போன்ற சொந்தத் தொழில்காரருக்கும் சம்பளக்காரருக்கும் அது இன்னும் வரவில்லை.

1920 சட்டத்தின் 53-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் சொத்தை மாற்றி எழுதிய தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. மனு போடப்பட்டு அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்குத்தான் பாதுகாப்பு. மனைவிக்கு அன்பின் பேரில் எழுதிய செட்டில்மெண்டில் விலை எங்கே இருக்கிறது? அதோடு, கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் சொத்தை மறைப்பது 69-ஆம் பிரிவின்படி குற்றம், ஒரு வருஷம் வரை சிறை. ஏமாற்ற எழுதிய பத்திரம் என்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவும் இருக்கிறது.

அதேபோல் மனு போடுவதற்கு முன் மூன்று மாதத்துக்குள், மற்றவர்களை விட்டுவிட்டு வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடனை அடைத்தாலும் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு, 54-ஆம் பிரிவு. "மாமனாருடைய பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போடலாம்" என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த நோட்டீஸ். நீதிமன்றத்தில் மனு எண்ணிடப்படாமல் வெறும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கடன் கட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று கடன் கொடுத்தவருக்கு அறிவிப்பதே சட்டப்படி ஒரு திவால் செயல். அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் அவரே உங்கள் மேல் திவால் மனு போட முடியும்.

ஓவர்லாக்_திருப்பூர்:
நன்றி சார். செட்டில்மெண்ட் எண்ணம் எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன். மனு போட்டால் என்னென்ன நிற்கும், என்னென்ன நிற்காது?

கோவை_வக்கீல்:
உங்கள் பட்டியலை வைத்தே சொல்கிறேன்.

நூல் கடை, எலாஸ்டிக் கடை, கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், புரோ நோட்டுக் கடன்: இவையெல்லாம் சொத்தை அடமானம் வைக்காத கடன்கள். திவால் அறிவிப்பு ஆணை வந்த பிறகு இவர்கள் நீதிமன்ற அனுமதி இல்லாமல் புதிதாக வழக்குப் போட முடியாது. சிவில் கடனுக்காகக் கைது செய்வதிலிருந்தும் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

மெஷின் கடனும் வீட்டுக் கடனும் அப்படியில்லை. அடமானம் வைத்திருக்கும் வங்கியின் உரிமையை ஐ.பி. தொடாது, 28(6) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வங்கி சர்ஃபேசி சட்டத்தில் (அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி தரும் சட்டம்) அதன் போக்கில் போகும். ஏலத்தில் பணம் குறைந்தால் மிச்சத்துக்கு மற்றவர்களோடு வரிசையில் நிற்கும்.

செக் விஷயம்தான் எனக்குக் கவலை. அந்த இரண்டு பேரும் செக்கைப் போட்டுத் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வழக்கு. அது குற்ற வழக்கு, ஐ.பி. அதை நிறுத்தாது. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புவார்கள், உங்களுக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்யலாம். தண்டனை இரண்டு வருஷம் வரை, அபராதம் செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை. "நான் தொகை எழுதவில்லை, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்பது பெரிய வாதம் இல்லை. கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. எனவே வட்டி கட்டிய ஒவ்வொரு ஆதாரத்தையும் தேடி எடுங்கள்: ஜிபே, வங்கி ஸ்டேட்மெண்ட், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி.

மச்சான் ஜாமீன். நீங்கள் திவாலாகி, கடைசியில் கடனிலிருந்து விடுவிக்கப்பட்டாலும் அவர் விடுபடமாட்டார். 44-ஆம் பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. சீட்டுக் கம்பெனி நேராக அவரிடம் போகும். வீட்டுக் கடனில் உங்கள் மனைவி நிலையும் அதுவே.

பவானி_அக்கா:
தம்பி, வக்கீல் சார் சட்டம் சொல்லிவிட்டார். அனுபவம் என்னவென்று நான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் பவர்லூம் வைத்திருந்தார். நஷ்டம் வந்து ஐ.பி. போட்டோம். நோட்டீஸ் போன வாரமே வாசலில் வந்து கத்துவது குறைந்தது, அது உண்மை. கோர்ட்டில் திவால் ஆணையும் வந்தது. எங்கள் வக்கீல் "இனி கவலை இல்லை" என்றார். நாங்களும் முடிந்துவிட்டது என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டோம்.

அது முடியவில்லை. அந்த ஆணையிலேயே, இத்தனை காலத்துக்குள் விடுவிப்புக் கேட்டு மனுப் போட வேண்டும் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, நாங்களும் போடவில்லை. திவால் ஆணையையே ரத்து செய்துவிட்டார்கள். திரும்பக் கடன் கொடுத்தவர்கள் வந்தார்கள். நோட்டெல்லாம் மூணு வருஷம் தாண்டிக் காலாவதி ஆகியிருக்கும் என்று நினைத்தால், அதுவும் இல்லை என்றார்கள்.

ஐ.பி. போட்டால் கடைசிக் காகிதம் கையில் வரும்வரை அந்தக் கேஸை விடாதீர்கள். வாய்தாவுக்கு வாய்தா நீங்களே போய் நில்லுங்கள்.

கோவை_வக்கீல்:
அக்கா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். திவால் என்று அறிவிப்பது பாதி வழிதான். கடனிலிருந்து விடுதலை தருவது விடுவிப்பு ஆணை. அதற்கு நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், 41-ஆம் பிரிவு. கெடு தாண்டினால் 43-ஆம் பிரிவில் ரத்து. ரத்தான பிறகு மறுபடி போட நீதிமன்ற அனுமதி வேண்டும். காலாவதி விஷயமும் சரிதான்: திவால் ஆணை வந்த நாளிலிருந்து ரத்தான நாள் வரைக்குமான காலம், அந்தத் திவால் வழக்கில் தங்கள் கடனை நிரூபித்தவர்களுக்குக் கணக்கில் சேராது. 78-ஆம் பிரிவு.

விண்ணப்பித்தாலும் சுலபமாகக் கிடைத்துவிடாது. நூறு வருஷம் பழைய சட்டம், இன்னும் அணாக் கணக்கில்தான் பேசுகிறது: உங்கள் சொத்து கடனில் ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறவில்லை என்றால் முழு விடுவிப்பை மறுக்க வேண்டும் என்கிறது, 42-ஆம் பிரிவு. ஆனால் அது உங்கள் கைமீறிய காரணத்தால் நேர்ந்தது என்று காட்டினால் அந்தத் தடை இல்லை. ஆர்டர் நின்றதற்கான மெயில், கேன்சல் ஆன பி.ஓ. (ஆர்டர் கடிதம்) எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள் என்பது இதனால்தான். கடந்த மூன்று வருஷக் கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைத்திருந்தீர்களா, திவால் என்று தெரிந்த பிறகும் வியாபாரம் செய்தீர்களா, திருப்பித் தர முடியும் என்ற நியாயமான நம்பிக்கை இல்லாமல் கடன் வாங்கினீர்களா, சூதாட்டத்திலோ ஊதாரித்தனத்திலோ போனதா, எல்லாம் கேள்வியாக வரும்.

ஆகவே, "எப்படியும் ஐ.பி. போடத்தானே போகிறோம்" என்று இப்போது கார்டைத் தேய்ப்பதும் புதுக் கைமாத்து வாங்குவதும் கூடவே கூடாது.

ரிட்டயர்டு_பேங்கர்:
வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, ஒரு கேள்வி. கடனை எழுதினீர்கள், சொத்தை எழுதவில்லையே? வீடு இன்றைக்கு என்ன விலை போகும்? வேறு நிலம் நீச்சு உண்டா?

ஓவர்லாக்_திருப்பூர்:
வீடு 26 லட்சம் போகும் ஐயா. காங்கேயம் பக்கம் அப்பா பெயரில் 2 ஏக்கர் மேட்டுக்காடு. அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. நானும் தங்கையும் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. என் பாகத்துக்கு 12 லட்சம் வரலாம் என்கிறார்கள். மெஷின்கள் விற்றால் 4 லட்சம். ஆனால் காட்டை விற்க மனசு வரவில்லை. தாத்தா வெட்டிய கிணறு அதில் இருக்கிறது.

ரிட்டயர்டு_பேங்கர்:
கூட்டிப் பாருங்கள். 26, 12, 4. மொத்தம் 42. கடன் 38. கணக்குப்படி நீங்கள் திவாலே இல்லை! கையில் காசு இல்லை, சொத்து இருக்கிறது.

ஐ.பி. போட்டால் காடு தப்பிக்குமா? தப்பிக்காது. பிரிக்காத பாகமாக இருந்தாலும் உங்கள் பங்கு ரிசீவரிடம் (திவாலானவர் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவர்) போகும். அவர் விற்பார், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிரிக்காத பாதிப் பங்கை ஏலத்தில் எடுக்க வெளியாள் யார் நல்ல விலை தருவார்? உங்கள் தங்கைக்கும் சங்கடம். யாரோ ஒருவர் பங்காளியாக வந்து நிற்பார். நீங்களே தங்கையிடம் பேசி, முறையாகப் பாகப்பிரிவினை செய்து, அவரோ பக்கத்துக் காட்டுக்காரரோ வாங்குகிற மாதிரி உரிய விலைக்குப் பத்திரம் போட்டால் வரும் பணமே வேறு. ஆனால் பணம் வங்கிக் கணக்கு வழியாக வந்து, கடனுக்குப் போனது தெரிய வேண்டும். அப்படியென்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டையும் அதே மாதிரிதான் பார்க்க வேண்டும். தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். அப்புறம் சர்ஃபேசி 13(2) நோட்டீஸ், 60 நாள் அவகாசம். அதற்குப் பிறகு சுவாதீன நடவடிக்கை. அதில் தவறு இருந்தால் 45 நாளுக்குள் கோயம்புத்தூரில் இருக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்த இடைவெளியை வீணாக்காதீர்கள். வங்கியிடம் எழுத்து மூலம், "நானே ஆள் பார்த்து விற்றுக் கடனை முடிக்கிறேன், நேரம் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஏலத்தில் வீடு பெரும்பாலும் சந்தை விலைக்குப் போகாது. சுவாதீன நோட்டீஸ் கதவில் ஒட்டிய வீட்டுக்கு வருகிறவன் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான். நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே விற்க வேண்டும். 26-இல் 11 போனால் 15 லட்சம் கையில் நிற்கும்.

பர்சனல் லோன், கார்டு இரண்டுக்கும் ஒரே தடவைத் தீர்வு பேசலாம். வங்கி ஒப்புக்கொண்டதை லெட்டராக வாங்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். போனில் ஏஜெண்ட் சொல்வது எதுவும் கணக்கில்லை. சிபிலில் "செட்டில்டு" என்று பதிவாகும், கொஞ்ச காலம் புதுக் கடன் கிடைக்காது. அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

போன் தொல்லைக்கு: வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லியிருக்கிறது. உறவுக்காரருக்குப் போன் போட்டு அவமானப்படுத்துவதும் கூடாது. தேதி, நேரம், எண் குறித்து வைத்து முதலில் வங்கிக்கு மெயில். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனுக்குப் புகார்.

நூல்கடை_முதலாளி:
கடன் கொடுத்தவன் பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். எனக்கு மஞ்ச நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு முறை இல்லை. நோட்டீஸைப் பிரித்ததும் வருகிற ஆத்திரம் பணம் போனதற்காக மட்டும் இல்லை. முந்தின வாரம் வரைக்கும் "திங்கட்கிழமை தந்துடறேங்க" என்று சொல்லிச் சரக்கு எடுத்துப் போனவர், வக்கீல் மூலமாகக் கடுதாசி அனுப்புகிறார். என் கடையிலும் நாலு பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள், எனக்கும் மில்லுக்குக் கட்ட வேண்டும்.

அதே சமயம், இன்னொருத்தர் நேராக வந்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, "இவ்வளவுதான் இருக்கு, இவ்வளவு பேருக்குத் தரணும், உங்களுக்கு இத்தனை வருது, ஒரு வருஷம் டைம் கொடுங்க" என்றார். நாங்கள் நாலைந்து கடைக்காரர்கள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டோம். வட்டியை விட்டுவிட்டோம். அவர் இன்றைக்கும் எங்களிடம்தான் நூல் எடுக்கிறார், கைக்காசுக்கு.

தம்பிக்கு 2 லட்சம்தான் கடைக்காரர்களுக்கு. கட்டாயம் ஒத்துக்கொள்வார்கள். நேரில் போங்கள்.

கோவை_வக்கீல்:
ஐயா சொன்னதுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. திவால் ஆணைக்குப் பிறகும் சமரசத் திட்டம் வைக்கலாம். கடனை நிரூபித்துக் கூட்டத்துக்கு வந்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும், தொகையில் நாலில் மூன்று பங்கும் ஒப்புக்கொண்டு, நீதிமன்றமும் ஏற்றால் எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஆனால் வெளியிலேயே பேசி முடிக்க முடிந்தால் அதுவே நல்லது. எழுத்தில் வாங்குங்கள். புரோ நோட்டையும் செக்கையும் திரும்ப வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

வழக்காகிவிட்டால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. கட்டணம் இல்லை, அங்கே முடிந்த தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை.

அம்பத்தூர்_சம்பளக்காரன்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் சென்னை, தனியார் கம்பெனி வேலை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியது, ஆப் லோன், கார்டு எல்லாம் சேர்ந்து 9 லட்சம். சொத்து எதுவும் இல்லை, பி.எஃப். மட்டும்தான். யாருக்கும் செக் கொடுக்கவில்லை, ஜாமீன் போட்டவரும் இல்லை. என் மாதிரி ஆளுக்கு ஐ.பி. சரியாக வருமா? புதிய சட்டத்தில் ஏழைகளுக்குக் கடன் தள்ளுபடி மாதிரி ஒன்று இருக்கிறதாமே?

கோவை_வக்கீல்:
நீங்கள் சொன்னது 2016 சட்டத்தில் உள்ள "புதுத் தொடக்கம்". ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு கூடாது. நடைமுறைக்கே வரவில்லை. வந்தாலும் உங்களுக்குப் பொருந்தாது.

சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டின் தனிச் சட்டம், உயர் நீதிமன்றத்தில் நடக்கும், சொத்துப் பொறுப்பு அபிஷியல் அசைனியிடம். அம்பத்தூர் அந்தச் சட்ட எல்லைக்குள் வருமா, எந்த நீதிமன்றம் என்பதை அங்குள்ள வக்கீலிடம் முகவரியைக் காட்டி முதலில் உறுதி செய்யுங்கள்.

உண்மையைச் சொன்னால் ஐ.பி. என்கிற வழி உங்களைப் போன்ற நிலைமைக்குத்தான் அதிகம் பொருந்தும்: சொத்து இல்லை, அடமானம் இல்லை, செக் இல்லை, ஜாமீன் இல்லை, கைமீறிய காரணம். ஆனால் அதற்கு முன் ஒன்று. உங்களிடம் அவர்கள் எதை எடுக்க முடியும்? பி.எஃப். தொடமுடியாது. டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கினாலும் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்தி செய்ய முடியாதவை. அந்த ஜப்தியும் ஒரு டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். கடன் கட்ட வசதியே இல்லாதவரை, வேண்டுமென்றே ஏமாற்றாதபோது, கடனுக்காக மட்டும் சிவில் சிறையில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. "நாளைக்கே போலீஸ் வரும்" என்று ஆப் லோன்காரன் மிரட்டுவது வெறும் மிரட்டல். பயத்தில் ஐ.பி. போடாதீர்கள். கணக்குப் பார்த்துப் போடுங்கள்.

அரசு வேலை என்றால் இன்னும் யோசிக்க வேண்டும், திவால் ஆவது நடத்தை விதிகளில் வரும். விடுவிப்புக் கிடைக்கும்வரை தேர்தலில் நிற்பது, கம்பெனி டைரக்டராக இருப்பது எல்லாம் முடியாது. தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதே 1920 சட்டப்படி குற்றம்! ஐம்பது ரூபாய்தான், எழுத்துப் பிழை இல்லை.

பவானி_அக்கா:
திருப்பூர் தம்பி, மெஷின் கடன், சீட்டு எல்லாம் பேசுகிறோம். அந்த டைலர்கள் 1 லட்சம் என்ன ஆச்சு? எங்கள் தறியில் ஓட்டியவர்களுக்கு நாங்கள் கொடுக்காமல் கோர்ட்டுக்குப் போனதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கடைக்காரர் ஒரு வருஷம் பொறுப்பார். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி அரிசி வாங்குகிறவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்?

கோவை_வக்கீல்:
சட்டம் இதில் ரொம்பக் கஞ்சத்தனமானது. சொத்தைப் பங்கிடும்போது தொழிலாளர் சம்பளத்துக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் மனுவுக்கு முந்தைய நான்கு மாத வேலைக்கு ஒரு ஆளுக்கு மொத்தம் 20 ரூபாய் வரைதான். 1920-இல் எழுதியதை யாரும் திருத்தவில்லை. மிச்சத்துக்கு அவர்கள் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அக்கா சொல்வதுபோல் சம்பளத்தை முதலில் முடியுங்கள். வேலை செய்தவருக்கு நியாயமான கூலி கொடுப்பது, உறவுக்காரருக்குச் சலுகை காட்டுவதைப் போல ஆகாது. சம்பளப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஓவர்லாக்_திருப்பூர்:
இரண்டு நாளாகப் பதில் போட முடியவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனைவிக்கு வட்டிக் கடன் 7 லட்சம் என்பது தெரியாது, 3 என்று நினைத்திருந்தாள். தூக்கமே இல்லாமல் இருந்தேன், வேண்டாத யோசனையெல்லாம் வந்தது. இப்போது பரவாயில்லை.

கைக்கடன் கொடுத்த மூன்று பேரில் ஒருத்தர் யூனிட்டுக்கு வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போவேன் என்கிறார். அதற்கு என்ன செய்வது? (இரண்டு பேர் என்று எழுதியிருந்தேன், இன்னொருவரிடம் 40,000 ரூபாய் கைமாத்து, அதைச் சேர்க்கவில்லை.)

ரிட்டயர்டு_பேங்கர்:
முதலில் உங்களுக்கு. அந்த மாதிரி யோசனை மறுபடி வந்தால் எந்த நேரமானாலும் மனநல உதவி எண் 14416-க்கோ, 104-க்கோ கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். 38 லட்சம் கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடிய தொகை, இப்போதுதானே போட்டுப் பார்த்தோம்.

மெஷினை அவர் தொட முடியாது. அது வங்கிக்கு ஈடாக இருக்கிறது. வங்கிக் கிளைக்கும் இதை எழுதிக் கொடுத்து வையுங்கள்.

கோவை_வக்கீல்:
மாதம் மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறை, 30,000 வரை அபராதம். மிரட்டினால் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபால். 2025-இல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் செக் கேஸ் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் தனித்தனித் தடம். அசலில் எவ்வளவு வாங்கினீர்கள், வட்டியாக எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதி, பெரிய மனுஷர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். வீடு விற்ற பணத்தில் முதல் பங்கு இவர்களுக்கு, செக்கும் நோட்டும் கைக்கு வந்த பிறகு.

40,000 கைமாத்தையும் பட்டியலில் சேருங்கள். நாளைக்கு ஐ.பி. என்று வந்தாலும் ஒரு கடனைக்கூட விடக் கூடாது. அண்ணன் தம்பி கடன் என்றாலும் எழுத வேண்டும். வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் அதுவும் 69-இல் குற்றம்.

ஓவர்லாக்_திருப்பூர்:
சரி சார். இப்போதைக்கு முடிவு இதுதான். ஐ.பி. மனு போடவில்லை. இந்தச் சனிக்கிழமை டைலர் சம்பளம் கொடுக்க, ஓவர்லாக் மெஷின் இரண்டையும் விற்கலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். தங்கையிடம் காடு பற்றிப் பேச மச்சானைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஜாமீன் விஷயத்தையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுவேன்.

ரிட்டயர்டு_பேங்கர்:
ஓவர்லாக்கை விற்காதீர்கள் தம்பி! ஈடு வைத்த மெஷினை வங்கி அனுமதிக் கடிதம் இல்லாமல் விற்றால் அது வேறு கேஸாகும். திங்கட்கிழமை கிளைக்குப் போய் என்.ஓ.சி. கேளுங்கள், விற்ற பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். டைலர் சம்பளத்துக்கு வீட்டில் நகை இருந்தால் வங்கியிலேயே அடகு வையுங்கள், வெளியில் வேண்டாம்.

பவானி_அக்கா:
மனைவியைக் கேட்டுவிட்டு வையுங்கள் தம்பி. நகை அவர்களுடையது.

கோவை_வக்கீல்:
வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், போன் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எனவே வீட்டுக் கடனில் நோட்டீஸ் வந்தால் உங்கள் மனைவி பெயரில் விண்ணப்பிக்கலாம். தங்கையிடம் பேசி முடித்த பிறகு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவை இங்கே பெயர்களை நீக்கிவிட்டுப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.